புதிதாகத் திறந்த ஆடம்பர ஹோட்டல்: உடனே போய்த் தங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

காட்பாடிக்காரன்

வணக்கம் மக்களே. அப்பாவுக்கு வரும் தையில் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் தேதி குறித்தாயிற்று, சமையல்காரர் வரைக்கும் பேசியாயிற்று. அது முடிந்த கையோடு அப்பா அம்மா இரண்டு பேரையும் வெளிநாட்டில் ஒரு நல்ல ஹோட்டலில் மூன்று இரவு தங்கவைக்க நானும் தங்கையும் முடிவெடுத்திருக்கிறோம். செலவு ஆளுக்குப் பாதி. ஒரு இரவுக்கு வரியெல்லாம் சேர்த்து முப்பதாயிரம் வரை போகலாம்.

இதுவரை அவர்கள் வெளியூரில் தங்கியது என்றால் திருமலை காட்டேஜும் உறவினர் வீடுகளும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு விடிகாலை ஐந்தரைக்குக் காபி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் யாருக்கும் நல்ல நாள் இல்லை.

கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று யோசித்து வைத்திருக்கிறோம். தங்கை அனுப்பும் வீடியோ எல்லாம் சமீபத்தில் திறந்த ஹோட்டல்கள். "மெத்தையிலிருந்து குழாய் வரை எல்லாம் புதுசு" என்கிறாள். ஆபீஸில் ஒரு சார், "திறந்த புதிதில் போகவே போகாதே" என்று பயமுறுத்துகிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாங்குபஜார்

ஒரு இரவுக்கு முப்பதாயிரமா? எங்கள் தெருவில் மூன்று மாத வீட்டு வாடகை அது. சரி, பெற்றவர்களுக்குச் செய்கிறீர்கள், நல்லா இருங்க. நான் மசால் கடலை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்கிறேன்.

ஆம்பூர்த்தோல்

தம்பி, நான் தோல் ஏற்றுமதி ஆள். மிலானில் லீனியாபெல்லே கண்காட்சி வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அந்த வாரத்தில் சாதாரண ஹோட்டல்கூட யானை விலை சொல்லும். ஒருமுறை புதிதாகத் திறந்த ஒன்றில் விலை சரிபாதிதான் இருந்தது. கம்பெனிக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அறை அரண்மனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் காலை ஏழு மணிக்கு மேல்மாடியில் டிரில் சத்தம் ஆரம்பித்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் பாவம், ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். காலை உணவில் முட்டை கேட்டேன். நான் கிளம்புகிற நேரத்துக்கு அது வந்தது.

அதே பயணத்தில் கோமோ ஏரிக்கு ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மொல்ட்ராசியோ என்ற ஊரில் பஸ்ஸலாக்வா என்று ஒரு மாளிகையைக் காட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டு வில்லா, மொத்தமே 24 அறை. 2022இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். அடுத்த வருடமே, 2023இல், "உலகின் 50 சிறந்த ஹோட்டல்கள்" பட்டியல் முதன்முதலாக வந்தபோது அதற்குத்தான் முதலிடம். நான் போட்டில் இருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகிற அளவுக்கு நம் பாக்கெட் இல்லை.

ஆக, புதிது என்றாலே மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எந்தப் புதிது என்று கேள்.

சத்துவாச்சாரி சார்

ஆம்பூர் பாய் சொன்ன பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2024இல் முதலிடம் கபெல்லா பாங்காக், திறந்தது 2020. 2025இல் ரோஸ்வுட் ஹாங்காங், திறந்தது 2019. ஒன்று நாலு வருடம், மற்றது ஆறு வருடம் ஊறிய பிறகு மேலே வந்தவை. பஸ்ஸலாக்வா விதிவிலக்கு. அதற்கும் காரணம் உண்டு: அதன் உரிமையாளர் குடும்பம் அதே ஏரிக்கரையில் கிராண்ட் ஹோட்டல் ட்ரெமெஸ்ஸோவை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தது. ஹோட்டல்தான் புதிது, நடத்துகிற கைகள் பழையவை.

மறுபக்கத்துக்கு சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸைப் பாருங்கள். இன்று எல்லோரும் அந்த மொட்டைமாடிக் குளத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 2010 ஏப்ரல் கடைசியில் கதவைத் திறந்தபோது அந்தக் குளம் இருக்கும் மேல்தளம் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. ஜூனில்தான் வந்தது. மே மாதம் அங்கே மாநாடு நடத்திய சர்வதேச வழக்கறிஞர் சங்கம் ஒன்று, வேலை முடியவில்லை, மின்சாரம் போனது என்று சொல்லி மீதிப் பணத்தைத் தர மறுத்தது. ஹோட்டல் வழக்குப் போட்டது. வழக்கறிஞர்களிடமே!

ஆறு இருக்கும் தண்ணீர் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்க மாட்டார் என்று சொல்லிச் சிரித்தே வளர்ந்த வேலூர்க்காரர்கள் நாம். குளம் இருக்கும், குளிக்க முடியாது என்கிற ஹோட்டல் நமக்கு மட்டும் புதிதா என்ன?

குடியாத்தம் டு கல்ஃப்

இந்தத் தலைப்பில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வளைகுடாவில் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன். புதிய ஹோட்டலைத் திறந்து வைக்கிற குழுக்களில் வேலை பார்த்தவன். பெயர்கள் வேண்டாம், சோறு போடுகிற இடம்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். கட்டிடம் முடிந்து ஒரே நாளில் சாவி கைக்கு வராது. காண்ட்ராக்டர் மாடி மாடியாகத்தான் ஒப்படைப்பார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்னாக் லிஸ்ட், அதாவது குறைப் பட்டியல், போடுவோம். அலமாரிக் கதவு உரசுகிறது, டைல் ஓரம் உடைந்திருக்கிறது, ஷவர் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் படுக்கை பக்கம் ஓடுகிறது. இந்த மாதிரி ஒரே அறையில் பக்கம் பக்கமாக வரும். அதெல்லாம் சரியாகும் வரை காத்திருக்க முதலாளியால் முடியாது, வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பாதி மாடிகள் தயாரானதும் சாஃப்ட் ஓப்பனிங். விளம்பரம் கம்மி, விலை கம்மி, குறிப்பிட்ட அறைகள் மட்டும். ஸ்பா அடுத்த மாதம், இரண்டாவது ரெஸ்டாரண்ட் அதற்கும் அடுத்து.

பெரிய திறப்பு விழா என்பது வேறு கணக்கு. துபாயில் அட்லாண்டிஸ் த ராயல் 2023 ஜனவரியில் பாடகி பியான்சேயை அழைத்து விழா வைத்தது. பணம் கொடுத்துத் தங்குகிறவர்களை உள்ளே விட்டது பிப்ரவரியில். சில ஹோட்டல்களில் இது தலைகீழ்: ஆள் தங்க ஆரம்பித்து மாதக்கணக்கு ஆன பிறகுதான் ரிப்பன் வெட்டுவார்கள். மரினா பே சாண்ட்ஸின் அதிகாரபூர்வத் திறப்பு விழாவே 2011 பிப்ரவரியில்தான். எனவே "திறந்த தேதி" என்று இணையத்தில் பார்ப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

அடுத்து, வாசலில் இருக்கும் பெயருக்கும் முதலாளிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. கட்டிடம் ஒருவருடையது, நடத்துகிற கம்பெனி வேறு. நடத்துகிறவருக்கு வருமானத்தில் ஒரு பங்கு கட்டணம். அறையில் விரிசல் என்றால் செலவு முதலாளி தலையில், கெட்ட பெயர் பிராண்டு தலையில். யார் சரிசெய்வது என்று கடிதம் போய்வரும் காலத்தில் நீங்கள் அந்த அறையில் இருப்பீர்கள்.

திறப்பதற்கு முன் ஊழியர்களையே விருந்தாளியாகத் தங்கவைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கையில் ஒரு தாளோடு போய்ப் படுக்க வேண்டும். வெந்நீர் வர எவ்வளவு நேரம், திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் வருகிறதா, லிஃப்ட் சத்தம் கேட்கிறதா, பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறதா, நள்ளிரவில் சாப்பாடு சொன்னால் சூடாக வருகிறதா, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல கம்பெனி இதற்கு வாரங்கள் ஒதுக்கும். தேதி நெருக்கினால் முதலில் வெட்டுவது இதைத்தான்.

இப்போது வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். புதிய ஹோட்டல் நாளாக ஆகச் சீராகிக்கொண்டே போகும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? இல்லை. முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். ஏனென்றால் அதே பிராண்டின் மற்ற ஹோட்டல்களில் இருந்து கைதேர்ந்த ஆட்களை டாஸ்க் ஃபோர்ஸ் என்று கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். விருந்தாளி குறைவு, ஆள் அதிகம், பெரிய மேனேஜர் லாபியிலேயே நிற்பார். அப்புறம் டாஸ்க் ஃபோர்ஸ் அவரவர் ஊருக்குத் திரும்பும். அதே நேரத்தில் எல்லா மாடியும் விற்பனைக்கு வரும். புதிதாகச் சேர்ந்த பையன்களில் கொஞ்சம் பேர் வேலை தாங்காமல் ஓடுவார்கள். நான் பார்த்த அளவில் மோசமான காலம் அதுதான்: இரண்டாம் மாதத்தில் இருந்து ஐந்தாம் மாதம் வரை.

போனால் ரொம்ப ஆரம்பத்தில் போங்கள், குறை இருந்தாலும் கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்கும். இல்லையா, எட்டு மாதம், ஒரு வருடம் கழித்துப் போங்கள். நடுவில் வேண்டாம்.

காட்பாடிக்காரன்

அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆபீஸ் சார் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. ஒரு சந்தேகம்: புதுப் பெயின்ட் வாசனை? அம்மாவுக்கு வீட்டில் அலமாரிக்கு வார்னிஷ் அடித்தாலே தலைவலி வந்துவிடும்.

குடியாத்தம் டு கல்ஃப்

இருக்கும். பெயின்டைவிட பசை, பலகை, கம்பளம், இவற்றிலிருந்து வருவதுதான் அதிகம். ஒட்டுப்பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அது மாதக்கணக்கில் மெதுவாக வெளியேறும். ஆடம்பர ஹோட்டலில் ஜன்னல் பெரும்பாலும் திறக்காது. பால்கனி உள்ள அறையாகக் கேளுங்கள். திறந்து சில மாதமாகி, ஆட்கள் தங்கிப் புழங்கிய மாடியாகவும் கேளுங்கள். புதுசாக ஒப்படைத்த மாடியை அப்கிரேடு என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். வாங்காதீர்கள்.

தூசியும் அப்படித்தான். நாங்கள் எத்தனை முறை கழுவித் துடைத்தாலும் ஏசி குழாயில் தங்கிய கட்டுமானத் தூசி கொஞ்ச நாளைக்கு வந்துகொண்டே இருக்கும்.

பாகாயம் சிஸ்டர்

நான் படித்தது வேலூரில், இப்போது நர்ஸ் வேலை லண்டனில். 2023 செப்டம்பரில் இங்கே ஒரே மாதத்தில் இரண்டு பெரிய ஹோட்டல்கள் திறந்தன. ஹைட் பார்க் முனையில் பெனின்சுலா, வைட்ஹாலில் ராஃபிள்ஸ். ராஃபிள்ஸ் இருப்பது பழைய போர் அமைச்சகக் கட்டிடத்தில், 1906இல் முடிந்த கட்டிடம். சர்ச்சில் போர் அமைச்சராக இருந்தபோது உட்கார்ந்து வேலை பார்த்த இடம். இப்போது அதை வைத்திருப்பது நம் ஊர் ஹிந்துஜா குடும்பம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப திருப்தி, மறைக்க மாட்டேன்.

அங்கெல்லாம் தங்குவது என் சம்பளத்துக்கு ஆகாது. ஆனால் என்னிடம் ஒரு வழி இருக்கிறது. தங்காமல் உள்ளே போய்ப் பார்த்துவிடுவேன். மதிய டீக்கு முன்பதிவு செய்தால் போதும். அதுவும் விலைதான், ஆனால் அறை வாடகையோடு பார்த்தால் தூசு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஊழியர்கள் எப்படி என்று தெரிந்துவிடும். எதிரே வரும் ஆள் வழி விடுகிறாரா, கேட்காமலே தண்ணீர் நிரப்புகிறார்களா, தப்பு நடந்தால் ஒருவரை ஒருவர் பார்த்து முழிக்கிறார்களா.

தம்பி, உங்களால் கொழும்புக்கு டீ குடிக்கப் போய் வர முடியாது, தெரியும். ஆனால் அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். நூறு வீடியோவுக்குச் சமம்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. இப்போது வருகிற ஆடம்பர அறைகளில் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைக்கிறார்கள். சில இடத்தில் திரையைப் பட்டன் அமுக்கி இறக்க வேண்டும். நம் அப்பா அம்மா அந்த அறையில் மூன்று நாள் எப்படி இருப்பார்கள் என்று யோசியுங்கள். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

லாங்குபஜார்

அக்கா சொன்ன கண்ணாடிச் சுவர் விஷயத்துக்கு எழுந்து நின்று கைதட்டுகிறேன். கடலையும் தீர்ந்துவிட்டது.

காட்பாடிக்காரன்

அக்கா, அது என் மண்டைக்கே எட்டவில்லை. தங்கை காட்டிய மூன்றில் இரண்டு அப்படித்தான் இருக்கிறது.

காந்திரோடு லாட்ஜ்

ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவன் இங்கே என்ன பேசுவது என்று இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் வருகிறவர்கள் கல்கத்தா, அசாம், திரிபுரா பக்கத்து நோயாளிக் குடும்பங்கள். வாரக்கணக்கில் தங்குவார்கள். அறையிலேயே சமைக்க அடுப்பு கேட்பார்கள். வந்து நின்றதும் கேட்பது மூன்றுதான்: லிஃப்ட் இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். லாபியில் என்ன விளக்கு தொங்குகிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தம்பியின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறார். முப்பதாயிரம் கொடுத்தாலும் அதே கேள்விகள்தான். அறையில் இருந்து சாப்பாட்டு இடத்துக்கு எவ்வளவு நடை? இந்தப் பெரிய ரிசார்ட்டுகளில் காலை உணவுக்கே பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? தொட்டிக்குள் கால் தூக்கி ஏற வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் "அனுபவம்" என்று பேசுகிற ஹோட்டலாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

எங்கள் தெருவில் ஒரு லாட்ஜில் "புதிதாகத் திறக்கப்பட்டது" போர்டு நான்கு வருடமாகத் தொங்குகிறது. நம் ஆட்களுக்கும் அந்த வார்த்தை மேல் அவ்வளவு ஆசை.

சத்துவாச்சாரி சார்

லாட்ஜ்காரர் சரியான இடத்தில் கை வைத்தார். நான் இன்னும் ஒரு படி போகிறேன். ஏன் புதிது? கொழும்பில் கால் பேஸ் ஹோட்டல் 1864இல் ஆரம்பித்தது. கடல் அலை சுவரில் அடிக்கிற தூரம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1887. மூடிப் புதுப்பித்து 2019இல் மறுபடி திறந்தார்கள், பழசும் புதுசும் ஒன்றாகக் கிடைக்கிறது. அறுபது வயது மனிதருக்கு அந்த மர வராந்தாதான் பிடிக்கும், டேப்லெட்டில் விளக்கை அணைக்கிற அறை அல்ல.

ஆம்பூர்த்தோல்

சார், உங்கள் ராஃபிள்ஸில் எல்லாமே சூட் அறைகள். தம்பி சொன்ன முப்பதாயிரத்தில் அங்கே ஒரு இரவு கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதோடு, அறுபது வயது ஆட்களைக் கிழவர்கள் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். என் வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ரிமோட்டில் திரை மூடுகிற அறைக்குப் போனதில் இருந்து இங்கே வீட்டிலும் அப்படி வேண்டும் என்று தொல்லை.

சத்துவாச்சாரி சார்

ராஃபிள்ஸ் விலையில் பாய் சொல்வது நியாயம். கால் பேஸை விட்டுத்தர மாட்டேன்.

குடியாத்தம் டு கல்ஃப்

பழைய ஹோட்டலுக்கும் ஒரு வியாதி உண்டு சார். நூறு வருடக் கட்டிடத்தில் குழாயும் அந்தக் காலத்துக் கட்டமைப்புதான். ஒரு மாடியில் வெந்நீர் கொதிக்கும், அடுத்த மாடியில் வராது. எந்தப் பகுதியை எப்போது புதுப்பித்தார்கள் என்று கேட்டு அந்தப் பகுதியில் அறை வாங்க வேண்டும்.

டேப்லெட் பற்றி: செக்-இன் செய்யும்போதே படுக்கை பக்கத்தில் சாதாரண சுவிட்ச் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான அறைகளில் எல்லா விளக்கையும் ஒரேயடியாக அணைக்கிற "மாஸ்டர் ஆஃப்" ஒன்று இருக்கும். நள்ளிரவில் விளக்கை அணைக்கத் தெரியாமல் ரிசப்ஷனுக்கு போன் செய்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், அதில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள்.

துபாய்க்கு யோசித்தால் உயரமான கட்டிடங்களில் ஒரு எச்சரிக்கை. துபாய் மரினா பகுதியில் 2025 நவம்பரில் திறந்த சீயல் 377 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமான ஹோட்டல், ஆயிரத்துக்கும் மேல் அறைகள். காட்சி அபாரம். ஆனால் இந்த மாதிரி இடங்களில் காலை எட்டரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட இறங்குவார்கள். லிஃப்டுக்கு நிற்பது முழங்கால் வலிக்காரருக்கு நல்லதல்ல. ஏழு மணிக்கே போய்விடச் சொல்லுங்கள். ஐந்தரைக்கே எழுகிற அப்பாவுக்கு அது கஷ்டமே இல்லை.

ஆற்காடு ஆடிட்டர்

பணக் கணக்கு யாரும் பேசவில்லையே. விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் என்ன ஏறும் என்று பாருங்கள். சிங்கப்பூரில் "பிளஸ் பிளஸ்" என்று போட்டால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. இலங்கையில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 18 சதவீதம் வாட், கூட சில்லறை வரிகள். துபாயில் சேவைக் கட்டணம் 10, மாநகராட்சிக் கட்டணம் 7, வாட் 5, அதற்கும் மேல் ஐந்து நட்சத்திரம் என்றால் அறைக்கு ஒரு இரவுக்கு 20 திர்ஹாம் டூரிசம் கட்டணம், அதைப் பெரும்பாலும் அங்கே போய்க் கட்ட வேண்டும். 24 ஆயிரம் என்று பார்த்த அறை கடைசிப் பக்கத்தில் முப்பதைத் தொடும்.

விமானம், ஹோட்டல் இரண்டையும் சேர்த்து ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். தனித்தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. பிடித்தாலும் பயமில்லை, பேன் எண் யாருடையதோ அவர் ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் அதுவரை முடங்கும். வருமானமே இல்லாத அம்மா பெயரில் பேக்கேஜ் போட்டுவிட்டு அப்புறம் ரீஃபண்டுக்கு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. சந்தோஷமாகச் செய்து கொடுப்பேன், என் கட்டணம் தனி.

விமானத்துக்கு முந்தின இரவு சென்னையில் தங்குவீர்கள் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. எனவே 7,400 அறைக்கும் 7,900 அறைக்கும் உள்ள வித்தியாசம் ஐந்நூறு அல்ல, ஆயிரத்தைத் தாண்டும்.

லாங்குபஜார்

நம் ஊர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் இருந்து நேராக விமானம் ஏறினால் அந்த 7,400ம் மிச்சம். சரி சரி, அதை இங்கே ஆரம்பிக்கவில்லை.

மட்டுறுத்துநர்

நன்றி, ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு வேறு இழை இருக்கிறது, அது மூன்று வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது.

வாலாஜா பெண்

இத்தனை பேசுகிறீர்கள், மதிப்புரைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. புதிய ஹோட்டலுக்கு முதலில் வரும் மதிப்புரைகளில் பல, இலவசமாக அழைத்துத் தங்கவைத்த ஆட்கள் எழுதியவை. வீடியோவில் "ஹோஸ்டட் ஸ்டே" என்று ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடும். நான் செய்வது: ஐந்து நட்சத்திரம் கொடுத்ததையும் ஒன்று கொடுத்ததையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களை மட்டும் படிப்பேன். அவர்களுக்குக் கோபமும் இல்லை, கடமையும் இல்லை. "அறை அழகு, காலை உணவு தாமதம், குளம் இன்னும் திறக்கவில்லை" என்று கணக்காக எழுதுவார்கள்.

தளத்தில் இருக்கும் படம் கேமராவில் எடுத்ததா, கம்ப்யூட்டரில் வரைந்ததா என்றும் பாருங்கள். வரைந்த படத்தில் வானம் எப்போதும் மாலை நேரமாகவே இருக்கும், நிற்கிற மனிதர்களுக்கு முகம் சரியாக இருக்காது.

இன்னும் திறக்காத ஹோட்டலில் பணம் கட்டவே கட்டாதீர்கள். நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா புதுப்பிக்க என்று 2017இல் மூடியது. மறுபடி விருந்தாளிகள் உள்ளே போனது 2025இல். அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்ட திட்டம் எழுபதுக்கு ஆகிவிடும்.

பாகாயம் சிஸ்டர்

மூன்று நட்சத்திரக்காரர்கள்! நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் ஒரு நட்சத்திரத்தை முழுக்க ஒதுக்க வேண்டாம். அதற்கு ஹோட்டல் எழுதும் பதிலைப் படியுங்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டுகிறார்களா, என்ன சரிசெய்தோம் என்று எழுதுகிறார்களா என்பது தெரியும்.

காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தங்கையை உட்காரவைத்து இந்த இழை முழுவதையும் படிக்க வைத்தேன். முதலில் முறைத்தாள். கண்ணாடிச் சுவர் பகுதி வந்ததும் வழிக்கு வந்தாள்.

துபாயும் சிங்கப்பூரும் இந்தமுறை வேண்டாம். கொழும்புதான். சென்னையில் இருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள், அம்மாவின் காலுக்கு அது போதும். ஐடிசி ரத்னதீபா 2024 ஏப்ரலில் திறந்தது, 352 அறை. ஐடிசி இந்தியாவுக்கு வெளியே கட்டிய முதல் ஹோட்டல். குடியாத்தம் அண்ணா சொன்ன அந்த ஆபத்தான மாதங்கள் எப்போதோ தாண்டிவிட்டன, ஆனால் மெத்தை இன்னும் புதுசுதான், தங்கைக்கும் திருப்தி. கட்டியவரும் நடத்துகிறவரும் ஒரே கம்பெனி என்பதால் விரிசலுக்குக் கடிதப் போக்குவரத்தும் இருக்காது என்று நம்புகிறேன். இட்லி, காபி விளங்காத ஊழியர்களும் அங்கே இருக்க மாட்டார்கள். இரண்டு இரவு அங்கே, கடைசி ஒரு இரவு சாரின் கால் பேஸில். சார், சந்தோஷமா?

முன்பதிவுக்கு முன் லாட்ஜ் அண்ணன் சொன்ன கேள்விகளை மெயிலில் அனுப்பினேன். லிஃப்டுக்குப் பக்கத்து அறை தரலாம், காலை உணவு இடம் உள்ளேயே, விடிகாலைக் காபி அறைக்கே வரும் என்று பதில் வந்திருக்கிறது. குளியலறை "வாக்-இன் ஷவர்" என்று எழுதியிருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி சார்

ஒரு இரவு என்பது அநியாயம். ஆனாலும் சந்தோஷம். கடல் பக்கம் பார்க்கிற அறையாக எழுதிக் கேள்.

ஆம்பூர்த்தோல்

அல்ஹம்துலில்லாஹ். அப்பாவுக்கு என் வாழ்த்து. திரும்பி வந்ததும் ஆம்பூர் பக்கம் கூட்டிக்கொண்டு வா, பிரியாணி என் செலவு. அசைவம் சாப்பிடுவார்தானே?

காட்பாடிக்காரன்

அம்மா பார்க்காத இடத்தில் சாப்பிடுவார் பாய்.

குடியாத்தம் டு கல்ஃப்

தம்பி, இன்னொரு மெயில் போடுங்கள். "வாக்-இன்" என்று எழுதுவார்கள், கண்ணாடிக் கதவுக்குக் கீழே தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டு அங்குல மேடு வைத்திருப்பார்கள். நல்ல காலுக்கு அது தெரியாது, முழங்கால் வலிக்காரர் அதில்தான் தடுக்குவார். மேடு இருக்கிறதா, உள்ளே உட்கார ஸ்டூல் தருவீர்களா, இரண்டையும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை காலியாக இருந்தால் அதையே கேட்டாலும் தப்பில்லை, கம்பி எல்லாம் அதிலேயே இருக்கும்.

காட்பாடிக்காரன்

இப்போதே அனுப்பிவிட்டேன் அண்ணா. தரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.